பரிசோதனை நார்மல், முகமும் மனமும் மட்டும் ஏன் இப்படி?

மருத்துவர் பதில்கள்

முகத்தில் வரும் மாற்றத்தையும் மனத்தில் வரும் மாற்றத்தையும் ஒரே கடிதத்தில் எழுதுபவர்கள் இந்தப் பகுதிக்குப் பழக்கமானவர்கள். அவர்களில் பலர் ஆய்வக அறிக்கையின் நகலையும் கூடவே அனுப்பி, எந்த ஹார்மோன் கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைக் காட்டி விடை சொல்ல முடிவது சில நேரங்களில்தான். இம்முறை அத்தகைய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேரில் பார்க்காமல் எவருக்கும் மருந்து சொல்வதில்லை என்பதால், மருந்துகளின் பெயர் வரும் இடங்களை விளக்கமாக மட்டும் கொள்ள வேண்டுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 27. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதவிடாய்க்குப் பத்து நாட்களுக்கு முன்பிருந்தே தாடை ஓரத்திலும் மோவாயிலும் வலிக்கும் பருக்கள் கிளம்புகின்றன. அதே நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருகிறது; வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன்; வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமா என்றுகூட இரண்டு முறை தோன்றியது. மாதவிடாய் தொடங்கிய இரண்டாம் நாள் எல்லாம் விலகிவிடுகிறது. ஹார்மோன் பரிசோதனைகள் அனைத்தும் நார்மல். அறிக்கையைப் பார்த்த கணவர், "எல்லாம் உன் நினைப்புதான்" என்கிறார். அப்படித்தானா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் அறிக்கையும் சரி, உங்கள் தொல்லையும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று உங்கள் கணவர் கேட்டால், 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வை அவருக்குச் சொல்லலாம். மாதவிடாய்க்கு முன் மனநிலை கடுமையாகக் குலையும் பெண்களையும், அப்படி எதுவும் இல்லாத பெண்களையும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். சினைப்பையின் இயக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் ஊசியைப் போட்டபோது, தொல்லைப்பட்டவர்களில் பலருக்கு அது அடங்கியது. பிறகு அப்படி அடங்கியவர்களுக்கும் மற்ற பெண்களுக்கும் ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்ட்ரோனையோ, எந்தப் பெண்ணின் உடலிலும் இயல்பாக இருக்கும் அளவுக்கே, கொடுத்துப் பார்த்தார்கள். முன்பு தொல்லைப்பட்டவர்களுக்கு அது திரும்பி வந்தது. மற்றவர்களை அதே ஹார்மோன் அதே அளவில் எதுவும் செய்யவில்லை. ஆக, வேறுபாடு இரத்தத்தில் இருக்கும் அளவில் இல்லை, அந்த அளவை மூளை ஏற்றுக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது. அதை எந்த இரத்தப் பரிசோதனையும் இன்றுவரை அளந்து காட்டுவதில்லை.

சினைமுட்டை வெளியேறிய பிறகு உடலில் புரோஜெஸ்ட்ரோன் ஏறுகிறது. கரு தங்காவிட்டால் மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன்பு அது சரியத் தொடங்குகிறது. அது உடைந்து உருவாகும் அலோபிரெக்னனலோன் என்ற பொருள், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளின் மீது செயல்படுகிறது. பெரும்பாலோருக்கு அந்த ஏற்ற இறக்கம் வந்து போவதே தெரிவதில்லை. சிலருக்கோ அமைதியைத் தர வேண்டிய அதே பொருள் படபடப்பையும் எரிச்சலையும் கிளப்புகிறது. இதன் கடுமையான வடிவம், மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைக் கோளாறு என்று 2013ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. நினைப்புக்கு அங்கே இடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பருவின் கதையும் ஏறக்குறைய இதுவே. சருமத்தின் எண்ணெய்ச் சுரப்பிகள் ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் வகை ஹார்மோன்களுக்குக் கட்டுப்பட்டவை. அந்த ஹார்மோன்கள் எல்லாப் பெண்களின் உடலிலும் சிறிதளவு உண்டு. இரத்தத்தில் வரும் வலுக்குறைந்த ஆண்ட்ரோஜனை வாங்கி, அதைத் தன் இடத்திலேயே வலுவான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றிக்கொள்ளும் நொதிகள் சருமத்திடம் இருக்கின்றன. இந்த மாற்றம் சுரப்பிக்குள்ளேயே நடப்பதால், நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தில் அது தெரிவதில்லை. மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டு, பரு மட்டும் உள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் அறிக்கை உங்களுடையதைப் போல நார்மலாகத்தான் வரும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒரு நாட்காட்டியை எடுத்து, இரண்டு மாதவிடாய்ச் சுற்றுகளுக்கு ஒவ்வொரு நாள் இரவும் கோபம், அழுகை, தூக்கம், பரு ஆகிய நான்கையும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண் போட்டுக் குறித்து வைப்பது. மாதம் முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் பயனில்லை. நினைவு எப்போதும் கடைசிச் சண்டையைப் பெரிதாக்கிக் காட்டும். மாதவிடாய் முடிந்த வாரம் தெளிவாகவும், அடுத்த மாதவிடாய்க்கு முந்தைய வாரம் மட்டும் குலைந்தும் இருந்தால் நோய் இதுதான். மாதம் முழுவதும் சோர்வாக இருந்து அந்த வாரத்தில் கூடுதலாகிறது என்றால், அடியில் இருப்பது மனச்சோர்வு நோயாகவோ பதற்ற நோயாகவோ இருக்கக்கூடும். அதற்கான வழி வேறு.

மருத்துவம் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. செரட்டோனினைச் சார்ந்த மனச்சோர்வு மருந்துகள் வழக்கமாகப் பலன் தரச் சில வாரங்கள் எடுக்கும். இந்த நோயில் மட்டும் சில நாட்களிலேயே பலன் தெரிகிறது, எனவே மாதத்தின் பிற்பாதியில் மட்டும் கொடுப்பதும் உண்டு. டிராஸ்பிரினோன் கலந்த கருத்தடை மாத்திரை மனநிலைக்கும் பருவுக்கும் சேர்த்து உதவக்கூடியது. ஆனால் இரத்தக் கொதிப்பு, இரத்தக்குழாயில் அடைப்பு வந்த வரலாறு, கண்முன் ஒளிக்கோடுகள் தோன்றி வரும் ஒற்றைத் தலைவலி ஆகியவை உள்ளவர்களுக்குக் கூடாது. பருவுக்காகக் கொடுக்கப்படும் ஸ்பைரோனோலேக்டோனையும் ஐசோட்ரெடினாயினையும் கர்ப்பத்தில் உட்கொள்ளவே கூடாது. ஐசோட்ரெடினாயின் கருவின் உறுப்புகளையே கெடுக்கக்கூடியது. குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் சீட்டு எழுதும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நாட்களில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் நாட்காட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு வயது 16. பதின்மூன்று வயதில் பெரிய மனுஷி ஆனாள். மாதவிடாய் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. கழுத்தைச் சுற்றிக் கறுத்துப்போயிருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மேலுதட்டிலும் மோவாயிலும் முடி வளர்கிறது. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று வந்திருக்கிறது. பள்ளி விட்டு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகும் என்று என் நாத்தனார் சொல்கிறார். நீர்க்கட்டியை அறுவை செய்து எடுக்க வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்தத் தேய்ப்பை நிறுத்துங்கள், அம்மா. பீர்க்கம் நாரும் எலுமிச்சையும் கொண்டு உரசுவதால் அந்தக் கறுப்பு கூடுமே தவிரக் குறையாது. அது அழுக்கு அன்று. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலில், அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின் தோலின் மேலடுக்குச் செல்களைத் தூண்டி வளரச் செய்வதால், கழுத்தின் பின்புறமும் அக்குளும் தடித்து, வெல்வெட்டுத் துணியைப் போன்ற கரும்பட்டையாகின்றன. உங்கள் மகளின் உடல் எழுதி வைத்திருக்கும் அறிக்கைகளில் எனக்கு முதலில் படிக்கத் தோன்றுவது அந்தக் கழுத்தைத்தான், ஸ்கேனை அன்று.

நீர்க்கட்டி என்ற சொல் நம் ஊரில் எத்தனையோ தாய்மார்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஸ்கேனில் முத்துமாலை போலத் தெரிபவை கட்டிகளே அல்ல. முதிர்ந்து வெளியேற முடியாமல் பாதியில் நின்றுபோன, சில மில்லிமீட்டர் அளவுள்ள முட்டைப்பைகள். 1935ஆம் ஆண்டில் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவெந்தால் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தபோது சினைப்பையின் தோற்றத்தை முன்னிறுத்தினார்கள், பின்னால் வந்த பி.சி.ஓ.எஸ். (பல கட்டிச் சினைப்பை நோய்க்குறி) என்ற பெயரும் அதையே பிடித்துக்கொண்டது. எனவே அறுவை என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. தவிர, பருவம் எய்திய எட்டு ஆண்டுகளுக்குள் இளம்பெண்களின் சினைப்பை இயல்பாகவே இப்படித் தோன்றலாம் என்பதால், அந்த வயதில் ஸ்கேனை வைத்து இந்நோயை முடிவுசெய்ய வேண்டாம் என்றே இன்றைய சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. ஸ்கேனை விட்டுவிட்டாலும், பூப்பெய்தி மூன்று ஆண்டுகள் கடந்த பின்னும் 35 நாட்களுக்கு மேல் தள்ளிப் போகும் மாதவிடாய், முக முடி ஆகிய இரண்டும் உங்கள் மகளுக்கு இருக்கின்றன. தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், 17 ஹைட்ராக்சி புரோஜெஸ்ட்ரோன் ஆகியவற்றைப் பார்த்து மற்ற காரணங்களை விலக்கினால், பி.சி.ஓ.எஸ். என்று சொல்லிவிடலாம். குளுக்கோஸ் குடித்துவிட்டுச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம். குரல் கனத்து, முடி வளர்ச்சி சில மாதங்களுக்குள் மளமளவென்று கூடினால் மட்டும் கட்டி எதுவும் இருக்கிறதா என்று உடனே தேட வேண்டும்.

கல்யாணம் இதற்கு மருந்தாகாது. மிகுந்த இன்சுலின் சினைப்பையை ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்டுகிறது. கல்லீரல் உண்டாக்கும், ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் புரதத்தையும் குறைத்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஆண்ட்ரோஜன் முகத்தில் முடியையும் பருவையும் கொண்டுவருகிறது. இந்தச் சங்கிலியைத் தளர்த்துவது நடையும் விளையாட்டும் தூக்கமும், தட்டில் சோற்றைக் குறைத்துப் பயறையும் காயையும் கூட்டுவதும்தான். எடை கூடுதலாக இருந்தால் அதில் 5 முதல் 10 விழுக்காடு குறைவதே மாதவிடாயை ஒழுங்குபடுத்தப் போதுமானதாக இருக்கலாம். தேவைப்பட்டால் மெட்ஃபார்மினோ கருத்தடை மாத்திரையோ மருத்துவர் தருவார். கருத்தடை என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், அதைத் தடுப்பதும் அம்மாத்திரையின் வேலை. முடியின் மீது மாத்திரையின் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும், அதுவரை அவள் விரும்பினால் மழித்துக்கொள்ளலாம். மழித்தால் முடி தடித்து வளரும் என்பது வெறும் நம்பிக்கை.

சாத்திய கதவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தின் முக்கியமான வரி. இந்நோயுள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் என்பதால், நோய் உறுதியான எல்லோரிடமும் அவற்றைக் கேட்டறிய வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது. முகத்தைப் பற்றி உறவினர் வீட்டில் யாராவது வாய்விட்டுச் சொன்ன ஒரு சொல்லாகவும் அது இருக்கலாம். எடையைப் பற்றிய பேச்சைச் சாப்பாட்டு வேளையில் எடுக்காதீர்கள். நாத்தனாரிடம் கல்யாணப் பேச்சை மகளின் காதுபட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் 43 வயதுப் பள்ளி ஆசிரியை. ஓராண்டாகத் தோல் வறண்டு செதில் செதிலாக உரிகிறது, முடி கொட்டுகிறது, புருவத்தின் வெளி ஓரம் மெலிந்துவிட்டது. எதிலும் பிடிப்பில்லை, வகுப்பில் பேசும்போதே சொல் மறந்துபோகிறது. தைராய்டு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் பரிசோதித்தால், டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) மிகக் குறைவு, தைராக்சின் கூடுதல் என்று வந்திருக்கிறது. ஆய்வகத்தில் இது தைராய்டு மிகைச் சுரப்பு என்றார்கள். முடிக்காகச் சில மாதங்களாக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன், வேறு மருந்து இல்லை.
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: கடைசி வரியை எழுதினீர்களே, அதற்கு நன்றி. பெரும்பாலோர் பயோட்டினை மருந்தாகவே கருதாமல் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம்வரை இருக்கிறது. பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனை அளப்பதற்கே பயோட்டினைப் பிடிமானமாகப் பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் மாத்திரையின் பயோட்டின் மிதந்துகொண்டிருந்தால் கருவி ஏமாந்து, டி.எஸ்.எச். அளவைக் குறைத்தும் தைராக்சின் அளவைக் கூட்டியும் காட்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017ஆம் ஆண்டிலேயே இதைக் குறித்து எச்சரித்தது.

உங்கள் உடல் சொல்வதும் தாள் சொல்வதும் எதிரெதிராக இருக்கின்றன. மிகைச் சுரப்பென்றால் தோல் ஈரமாகவும் சூடாகவும் இருக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். நீங்கள் எழுதியிருப்பவையோ குறைச் சுரப்பின் அடையாளங்கள். மலச்சிக்கலும், மற்றவர் மின்விசிறியைக் கூட்டச் சொல்லும்போது உங்களுக்குக் குளிர்வதும் உண்டா என்று கவனியுங்கள். பயோட்டினை நிறுத்தி, குறைந்தது இரண்டு நாட்கள் கழித்து, அதிகக் காலம் அதிக அளவில் சாப்பிட்டிருந்தால் ஒரு வாரம் கழித்து, மறுபடியும் பரிசோதியுங்கள். அதற்கு முன் மிகைச் சுரப்புக்கான மாத்திரையைத் தொட வேண்டாம். உண்மையில் உங்களுக்குக் குறைவாக இருக்குமானால் அது மேலும் குறைந்துவிடும். பரிசோதனை சரியாக இருந்து தைராய்டில் பழுதே இல்லை என்று வந்தால், இரும்புச் சத்தையும் மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்தின் மாற்றங்களையும் பார்க்க வேண்டும்.

தைராய்டு குறைவு மனத்தை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1949ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர், மனநோயாளிகளாக எண்ணப்பட்ட 14 பேருக்கு உண்மையில் தைராய்டுக் குறைவு இருந்ததையும், தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பெரும்பாலோர் தேறியதையும் எழுதினார். இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. டி.எஸ்.எச். எல்லையைச் சற்றே தாண்டியிருக்கும் நிலையில், எல்லாச் சோர்வையும் அதன் தலையில் கட்டி மாத்திரை சாப்பிடுபவர்களில் பலருக்கு மனம் தெளிவதில்லை, ஏனெனில் காரணம் அங்கே இல்லை.

தைராய்டுக் குறைவுக்கான மாத்திரை தேவை என்று முடிவானால், வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை காபியைத் தள்ளிப் போடுங்கள். நம் வீடுகளில் மாத்திரையும் டிகாக்‌ஷனும் ஒரே நேரத்தில் உள்ளே போவதால் அளவு ஏறாமல் போனவர்கள் ஏராளம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

கேள்வி: கன்னத்தில் மங்கு வந்ததால் தோழி சொன்ன ஒரு களிம்பை மருந்துக் கடையில் வாங்கி எட்டு மாதமாகப் பூசுகிறேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது வெயிலில் போனால் எரிகிறது, சிவக்கிறது, பரு வருகிறது. நிறுத்தினால் இன்னும் மோசமாகிறது. எனக்கு ஹார்மோன் கோளாறா?
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் உடலின் ஹார்மோன் நன்றாகத்தான் இருக்கக்கூடும், கோளாறு குழாய்க்குள் இருக்கிறது. நீங்கள் எழுதியனுப்பிய களிம்பின் உட்பொருள்களில் மொமெட்டசோன் இருக்கிறது. அது நம் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசாலின் செயற்கை உறவினர், அதாவது ஸ்டீராய்டு. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோலை மெலிய வைத்து, இரத்தக்குழாய்களை விரியச் செய்து, பருவையும் சிலருக்கு முடியையும் கிளப்பும். நிறுத்தியதும் வரும் எரிச்சலுக்குப் பயந்து மீண்டும் பூசுவார்கள், அந்த வட்டம் முடியாது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே தனிப்பெயர் வைக்கும் அளவுக்கு இது நம் நாட்டில் பெருகிப்போயிருக்கிறது. தோல் மருத்துவரிடம் குழாயை எடுத்துக்கொண்டு போங்கள். நிறுத்தும் முறையை அவர் வகுத்துத் தருவார். மங்குக்குக் கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் காரணமாகலாம், ஆனால் அதைத் தக்கவைப்பது வெயில். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதைக் கறுக்கச் செய்வதால், இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் வெள்ளைக் களிம்பைவிட நல்லது.

கேள்வி: என் மனைவிக்குக் குழந்தை பிறந்து மூன்றரை மாதம் ஆகிறது. தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்குவதில்லை; "நான் நல்ல அம்மா இல்லை" என்று அழுகிறாள். பச்சை உடம்புக்காரி அப்படித்தான் இருப்பாள் என்கிறார் என் அம்மா. முடி கொட்டுவதால்தான் மனம் உடைந்திருக்கிறாளா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கர்ப்பகாலத்து ஈஸ்ட்ரோஜன், உதிர வேண்டிய முடிகளை உதிராமல் பிடித்து வைத்திருந்தது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் அந்தப் பிடி தளர்கிறது. நிலுவையில் நின்ற முடிகள் எல்லாம் இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குப் பிறகு சேர்ந்து விழுகின்றன. ஓராண்டுக்குள் பெரும்பாலும் பழைய அடர்த்தி திரும்பிவிடும்.

அழுகையைத்தான் அப்படி விட்டுவிட முடியாது. பிரசவமான முதல் இரண்டு வாரங்களுக்குள் வந்து தானாகவே போய்விடும் கண்ணீர் ஒன்று உண்டு, உங்கள் தாயார் பார்த்துப் பழகியது அதுவாக இருக்கும். மூன்றரை மாதத்தில், குழந்தை தூங்கியும் தாய் தூங்க முடியாமல், தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோயாக இருக்கக் கூடும். முதல் கடிதத்துக்குச் சொன்ன பதில் இங்கும் பொருந்துகிறது. பிரசவத்துக்குப் பின் ஹார்மோன் சரிவது எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், கர்ப்பமாக இல்லாத பெண்களுக்குக் கர்ப்பகால அளவில் ஹார்மோன்களைக் கொடுத்துத் திடீரென நிறுத்திப் பார்த்தார்கள். முன்பு பிரசவ மனச்சோர்வு வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு மனம் குலைந்தது. வராதிருந்த 8 பேரில் ஒருவருக்கும் குலையவில்லை. ஆகவே, "எனக்கும்தான் நாலு பிள்ளை பிறந்தது" என்று யாரும் அவளோடு ஒப்பிட்டுப் பேச வேண்டாம்.

எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட தாள் 1987ஆம் ஆண்டிலிருந்து உலகெங்கும் பயன்படுகிறது, தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மாரிடமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. அதை மருத்துவரிடம் கேட்டு நிரப்பச் செய்யுங்கள். கூடவே டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின் இரண்டையும் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சி சிலருக்கு வருவதுண்டு, அதுவும் முடியையும் மனத்தையும் சேர்த்தே தாக்கும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் உள்ளன. இரவில் ஒருவேளைப் பாலை எடுத்து வைத்து நீங்கள் புகட்டினால் அவளுக்குத் தொடர்ந்து ஐந்து மணி நேரத் தூக்கம் கிடைக்கும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோம் என்று அவள் சொன்னாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: வயது 48. மாதவிடாய் முன்னே பின்னே வருகிறது. உடம்பெல்லாம் அரிப்பு, தோல் சுருக்கம், இரவில் வியர்த்து விழிப்பு. காலையில் நன்றாக இருப்பேன், மாலையில் யார் பேசினாலும் கோபம். ஹார்மோன் சோதித்தேன், ஒரு மாதம் நார்மல், அடுத்த மாதம் மாதவிடாய் நின்றுவிட்டது போன்ற அளவு. எது சரி?
– வாசகி, சென்னை

பதில்: இரண்டுமே சரி, அதனால்தான் 45 வயதுக்கு மேல் இந்தச் சோதனையை நாங்கள் வழக்கமாக எழுதுவதில்லை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாகச் சீராக இறங்குவதில்லை. ஒரு வாரம் இளமைக் காலத்தைவிட உயர்ந்தும் அடுத்த வாரம் தரையைத் தொட்டும் ஆடுகிறது. மனத்தைக் குலைப்பதில் குறைவைவிட அந்த ஆட்டத்துக்குப் பங்கு அதிகம். இரவு வியர்வை தூக்கத்தைத் தின்பதால் மாலைக் கோபத்துக்கு அதுவே பாதிக் காரணமாகவும் இருக்கலாம். தோலைப் பொறுத்தவரை குறைவுதான் கணக்கு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் சுமார் 30 விழுக்காடு குறைகிறது என்பது பல நூல்களிலும் காணும் கணிப்பு.

வியர்வையும் தூக்கமின்மையும் வாழ்க்கையைக் கெடுத்தால் ஹார்மோன் மருத்துவம் நல்ல வழி. 60 வயதுக்குக் குறைந்தவர்களாகவோ மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாதவர்களாகவோ இருந்து, மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டியோ வந்திராதவர்களுக்குப் பொதுவாக அதன் நன்மையே மிகுதி. கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கக் கூடாது, புரோஜெஸ்ட்ரோனும் சேர வேண்டும். சுருக்கத்துக்காக மட்டும் அதைக் கேட்காதீர்கள். அரிப்புக்குச் சோப்பையும் சீயக்காயையும் உடம்புக்குக் குறைத்து, வெந்நீரின் சூட்டைத் தணித்து, துவட்டிய ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயையோ ஈரப்பசைக் களிம்பையோ தடவிப் பாருங்கள். அடங்காவிட்டால் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பன்னிரண்டு மாதம் முழுவதும் மாதவிடாய் வராமல் இருந்து, பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அதை மாதவிடாய் என்று எண்ணாமல் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வயது 23. உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர் கொடுத்த ஊசியை நான்கு மாதம் போட்டேன். உடம்பு ஏறியது, முதுகு முழுவதும் சீழ்க்கட்டிப் பரு. ஊசியை நிறுத்தி ஒரு மாதமாக எதிலும் ஆர்வமில்லை, படுத்தே கிடக்கிறேன். மறுபடி போடச் சொல்கிறார்.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: போடாதீர்கள், தம்பி. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்துகொண்டிருந்ததால் மூளைக்கு அடியில் உள்ள உங்கள் பிட்யூட்டரி சுரப்பி, விந்தகத்துக்கு வேலை சொல்வதை நிறுத்திவிட்டது. ஊசி நின்ற பிறகு அது விழித்துக்கொள்ளப் பல மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் உடலில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாக இருப்பதால் சோர்வும் ஆர்வமின்மையும் வருகின்றன, விந்தணுவும் குறைந்திருக்கும். முதுகுப் பரு ஆச்சரியமில்லை. பருவம் எய்துமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்குப் பரு வருவதில்லை, டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் வருகிறது என்று ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1941ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். இத்தனை கடிதங்களுக்கு நடுவில் இரத்த அளவே நேரடியாக விடை சொல்லும் கடிதம் உங்களுடையது. காலை எட்டு மணியளவில் வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன், விந்தகத்தை இயக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஆகியவற்றோடு கல்லீரல், கொழுப்புப் பரிசோதனைகளையும் செய்து, ஊசிக் குப்பியின் பெயரை மறைக்காமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் சொல்லுங்கள். சீழ்ப் பருக்களை நீங்களே பிதுக்கினால் தழும்பு வாழ்நாளுக்கும் நிற்கும், தோல் மருத்துவரையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள்.